கொப்பிக்கு முன்னால் கை: முன்பள்ளிப் படிப்பு பற்றிய ஆறு நம்பிக்கைகள்

முன்பள்ளி விட்டதும் பிள்ளையைக் கூட்டிப்போக வரும் தாய் முதலில் கேட்பது, "ரீச்சர், மகள் இண்டைக்கு என்ன எழுதினா?" என்பதைத்தான். கல்லடியிலும் காத்தான்குடியிலும் ஆரையம்பதியிலும் இதே கேள்வி. வாவியைக் கடந்து படுவான்கரைக்குப் போனால் கொக்கட்டிச்சோலையிலும் இதே கேள்வி. அக்கறையில் பிறக்கும் கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் காட்ட வேண்டியே, பென்சில் பிடிக்க இன்னும் வலுவில்லாத மூன்றரை வயது விரல்கள் பக்கம் பக்கமாக எழுத வைக்கப்படுகின்றன. சின்னப் பிள்ளைக்கு எழுத்தும் எண்ணும் எப்படி வருகின்றன என்பது பற்றி நம்மிடையே உள்ள ஆறு நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: கொப்பி நிறைந்தால்தான் படிப்பு நடக்கிறது.

உண்மை: எழுதுவதற்கு முதலில் விரல் தயாராக வேண்டும். மா பிசைவது, மணி கோப்பது, தென்னோலை பின்னுவது, தாளைக் கிழித்து ஒட்டுவது எல்லாம் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றையும் பென்சிலுக்குப் பழக்குகின்றன. அடுத்து, எழுத்தின் வடிவத்தை விரல் உணர வேண்டும். இது நமக்குப் புதிதல்ல. ஏடு தொடக்கும்போது பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுத வைக்கிறோம். திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மணலில் எழுதித்தான் பழகினார்கள். 1907இல் ரோம் நகரத்து ஏழைக் குடியிருப்பொன்றில் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய மரியா மொண்டிசோரியும், சொரசொரப்பான தாளில் எழுத்தை வெட்டி ஒட்டிப் பிள்ளைகளைத் தடவ வைத்தார். அவர் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்தார். 1944இல் இலங்கையிலும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்தினார்.

இங்கே கவனிக்க வேண்டிய இன்னொன்று, புள்ளிக்கோட்டின் மேல் எழுத வைக்கும் பழக்கம். 2012இல் அமெரிக்காவில் கரின் ஜேம்ஸ் என்ற ஆய்வாளர், வாசிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைகள் சிலரின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார். தாங்களாகவே கையால் எழுதிப் பழகிய எழுத்துகளைப் பார்த்தபோது, வாசிப்புக்குரிய மூளைப்பகுதிகள் நன்றாக இயங்கின. விசைப்பலகையில் தட்டிய எழுத்துகளுக்கோ கோட்டின் மேல் வரைந்த எழுத்துகளுக்கோ அந்த அளவு இயக்கம் இல்லை. பிள்ளை மணலில் தானாகக் கோணல்மாணலாக எழுதும் ஒரு 'ப', புள்ளிக்கோட்டின் மேல் அழகாக எழுதும் இருபது 'ப'வை விடப் பெறுமதியானது.

நம்பிக்கை 2: நூறு வரை சொன்னால் கணக்குத் தெரியும்.

உண்மை: நூறு வரை தடங்காமல் ஒப்புவிக்கும் பிள்ளையிடம், "ஏழு சிப்பி எடுத்துத் தாங்க மகன்" என்று கேட்டுப் பாருங்கள். பலர் ஒரு கைப்பிடி அள்ளித் தருவார்கள். எண்ணுதல் என்பதற்குள் பல திறன்கள் இருப்பதை 1978இலேயே கெல்மன், கலிஸ்டல் என்ற ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். ஒரு பொருளுக்கு ஓர் எண்தான் சொல்ல வேண்டும். எண்களின் வரிசை மாறக்கூடாது. கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தத் தொகை. இந்த மூன்றாவது பலருக்குப் பிந்தித்தான் பிடிபடும். ஐந்து சிரட்டைகளை வரிசையாக வைத்து ஒவ்வொன்றிலும் ஒரு சிப்பி போட வைத்து, "இப்ப எத்தனை?" என்று கேட்பது, நூறு வரை பாடுவதை விடப் பெரிய கணக்கு.

நம் ஊர்ப் பிள்ளைகள் ஆடும் கொக்கானைப் பாருங்கள். ஒரு கல்லை மேலே எறிந்து, கீழே உள்ள நான்கையும் முதலில் ஒவ்வொன்றாக அள்ள வேண்டும். பிறகு இரண்டிரண்டாக, பிறகு மூன்றும் ஒன்றுமாக, கடைசியில் நான்கையும் சேர்த்து. நான்கை எத்தனை விதமாகப் பிரிக்கலாம் என்பது அங்கே கைக்குள்ளேயே இருக்கிறது. முன்பள்ளிப் பிள்ளைக்கு எறிந்து பிடிப்பது கடினம். கல்லைத் தரையில் வைத்தே பிரித்துச் சேர்க்கலாம்.

நம்பிக்கை 3: முதலில் 247 எழுத்தும் பாடமாக வேண்டும், பிறகுதான் சொல்.

உண்மை: ப, ட, ம என்ற மூன்று எழுத்துகளையும் ஒரு புள்ளியையும் வைத்தே படம், பட்டம், மடம், மட்டம் என்று சொற்கள் அமைக்கலாம். எழுத்து அட்டைகளை இடம் மாற்றி வைத்துத் தானே ஒரு சொல்லைக் கண்டுபிடிக்கும் பிள்ளைக்கு, எழுத்து எதற்காக இருக்கிறது என்பது விளங்கிவிடுகிறது. எழுத்துக்கும் முந்தியது காது. 'நண்டு, நத்தை, நரி' மூன்றும் ஒரே ஒலியில் தொடங்குவதைக் கேட்பது, 'வாவி' என்ற சொல்லுக்கு இரண்டு தடவை கைதட்டுவது, 'தட்டு'க்கு இணையாகப் 'பட்டு, கட்டு' சொல்வது எல்லாம் வாசிப்பின் அத்திவாரம்.

தமிழைப் போலவே உயிர்மெய் அமைப்புக் கொண்டது கன்னடம். அதன் எழுத்துகளைப் பிள்ளைகள் முழுதாகக் கைவசப்படுத்த நான்காம் வகுப்பு வரைகூட ஆகிறது என்று சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. நான்கு வயதில் எல்லா எழுத்தையும் எதிர்பார்ப்பது பிள்ளைக்கு நாம் செய்யும் அநியாயம்.

நம்பிக்கை 4: இப்படிக் கற்பிக்க விலைகூடிய சாமான் வேண்டும்.

உண்மை: கடற்கரை மணல், வாவிக்கரைச் சிப்பி, சிரட்டை, புளியங்கொட்டை, ஈர்க்கு, போத்தல் மூடி போதும். ஒரு வாளி நிறைய எத்தனை சிரட்டைத் தண்ணீர் வேண்டும் என்று ஊற்றிப் பார்க்கும் பிள்ளை அளவையைப் படிக்கிறது. அறுவடைக் காலத்தில் நெல் அளக்கும் மரைக்காலைக் காட்டினால், அந்தப் பாடம் வீட்டோடும் சேர்ந்துவிடும். இரண்டு எச்சரிக்கைகள்: குன்றிமணியை வகுப்புக்குள் கொண்டுவரவே கூடாது, கடித்து விழுங்கினால் அதன் நஞ்சு உயிரைப் பறிக்கலாம். வாயில் பொருள் வைக்கும் வயதுப் பிள்ளைகளிடம் சிறு கொட்டைகளைக் கொடுக்கக்கூடாது.

நம்பிக்கை 5: விளையாட விட்டால் போதும், தானாக வரும்.

உண்மை: இது மறுபக்கத் தவறு. மணலும் சிப்பியும் தாமாகக் கற்பிப்பதில்லை. 2008இல் சீக்லர், ரமணி என்ற ஆய்வாளர்கள், வறிய குடும்பத்துப் பிள்ளைகளை 1 முதல் 10 வரை எண்கள் வரிசையாக எழுதிய பலகையில் விளையாட வைத்தனர். பதினைந்து நிமிடப்படி நான்கு தடவை ஆடியதிலேயே எண்ணறிவு முன்னேறியது. எண்ணுக்குப் பதிலாக நிறங்கள் மட்டும் இருந்த பலகையில் ஆடியவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. விளையாட்டுக்குள் எதை வைக்கிறோம், நடுவில் என்ன கேட்கிறோம் என்பதில்தான் ஆசிரியையின் திறமை இருக்கிறது. "எது கூட? எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் ஆசிரியை கடினமான வேலை செய்கிறார். அவரை 'சும்மா விளையாட்டுக் காட்டுறா' என்று சொல்லாதீர்கள்.

நம்பிக்கை 6: இப்போதே எழுதத் தொடங்காவிட்டால் தரம் 1இல் பின்தங்கும், புலமைப்பரிசிலும் போய்விடும்.

உண்மை: நம் நாட்டின் தரம் 1 பாடத்திட்டமே அப்படிக் கேட்கவில்லை. 1999இல் நாடு முழுவதும் வந்த ஆரம்பக்கல்விச் சீர்திருத்தம், தரம் 1, 2இல் வழிகாட்டலுடன் கூடிய விளையாட்டுக்கே முதலிடம் தந்தது. இருந்து எழுதும் வேலைக்குக் கடைசி இடம். பின்லாந்தில் ஏழு வயதில்தான் பள்ளிக்கூடம் தொடங்குகிறது. நியூசிலாந்தில் சபாஸ்டியன் சகேட் செய்த ஆய்வில், ஏழு வயதில் வாசிக்கத் தொடங்கியவர்கள் பதினொரு வயதளவில் ஐந்து வயதில் தொடங்கியவர்களை எட்டிப் பிடித்துவிட்டனர். புலமைப்பரிசில் பரீட்சை தரம் 5இல் வருவது. அதன் பயத்தை மூன்று வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றுவது வேண்டாத சுமை.

முன்பள்ளி ஆசிரியைமார் பலருக்கு இவை தெரியும். தெரிந்தும் கொப்பியை நிரப்புகிறார்கள், ஏனெனில் நாம் கொப்பியைப் பார்த்துத்தான் பள்ளிக்கூடத்தை மதிப்பிடுகிறோம். மாற்றம் நம் கேள்வியில் தொடங்கட்டும். நாளைக்கு வாசலில் நின்று, "இண்டைக்கு எதை எண்ணினா? எந்தக் கதை கேட்டா? கையால என்ன செய்தா?" என்று கேளுங்கள். இந்தக் கேள்விகளைக் கேட்கும் பெற்றோர் கூடினால், கொப்பியை மூடிவைத்து மணல் தட்டை எடுக்க ஆசிரியைமாருக்குத் துணிவு வரும்.