கிடைக்கவில்லை என்றால் இல்லை என்று பொருளா?

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பெண்கள் வரலாற்றை எழுதுவதென்று முடிவு செய்துவிட்டாய், மிகவும் மகிழ்ச்சி. “எங்கள் ஊரில் பெரிய நூலகம் இல்லை. இணையத்தில் இருப்பதை வைத்தே வேலையைத் தொடங்கலாமா?” என்று கேட்டிருக்கிறாய். தாராளமாகத் தொடங்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், ஈழத்து எழுத்துகளைத் திரட்டிவரும் ‘நூலகம்’ தளம், இன்டர்நெட் ஆர்க்கைவ் ஆகியவற்றில் பழைய இதழ்களையும் நூல்களையும் கைப்பேசியிலேயே புரட்டலாம். என் தலைமுறைக்கு இது வாய்க்கவில்லை.

ஆனால் ஒன்றை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள். நீ தேடிய பெண் தேடுபொறியில் கிடைக்கவில்லை என்றால், அவள் எங்குமே இல்லை என்று ஆகிவிடாது. நம் பெண்கள் பெரும்பாலும் வேறு யாருடைய பெயருக்குக் கீழேயோ பதிவாகியிருக்கிறார்கள். அங்கே போய் அவர்களைப் பிடிப்பதுதான் இந்தத் தொழிலின் பாதி.

பெயரிலிருந்து தொடங்கு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போல நாடறிந்த ஒருவரைத் தேடினாலும் தமிழில் முத்துலட்சுமி, முத்துலெட்சுமி, முத்துலக்ஷ்மி என மூன்று வகையாகவும் தேட வேண்டும். சில பதிவுகளில் ‘அம்மையார்’ இருக்கும், ‘ரெட்டி’ இருக்காது. ஆங்கிலத்தில் ‘ரெட்டி’யின் கடைசி எழுத்து ஓரிடத்தில் ‘ஐ’, இன்னோரிடத்தில் ‘ஒய்’. 1927இல் சென்னை சட்டமன்றத்தின் துணைத் தலைவரான அவருக்கே இந்த நிலை என்றால், ஊர்ப் பள்ளி ஆசிரியையின் நிலையை யோசித்துப் பார். திருமணத்துக்கு முன் ஒரு முன்னெழுத்து, பின் ஒரு முன்னெழுத்து, செய்தித்தாளில் ‘இன்னாரின் மனைவி’ என்று மட்டும் ஒரு வரி. ஒவ்வொரு பெண்ணுக்கும் உன் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, அவருடைய பெயர் எத்தனை வடிவங்களில் வருகிறது என்று எழுதி வை. தகப்பன் பெயர், கணவன் பெயர், ஊர்ப்பெயர், புனைபெயர் எல்லாவற்றிலும் தேடிய பிறகுதான் கிடைக்கவில்லை என்று சொல்.

வை. மு. கோதைநாயகி அம்மாளை எடுத்துக்கொள். ‘வை. மு.’ என்பது கணவர் குடும்பத்திலிருந்து வந்த முன்னெழுத்து. 1925இல் ‘ஜகன்மோகினி’ இதழைத் தன் பொறுப்பில் எடுத்து நடத்தத் தொடங்கியவர், நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களின் ஆசிரியர். முறையாகப் பள்ளிக்குப் போகாத அவர், தம் முதல் படைப்பான ‘இந்திர மோகனா’ நாடகத்தை வாயால் சொல்ல, தோழி பட்டம்மாள்தான் எழுதிக்கொடுத்தார். கோதைநாயகிக்கு இணையத்தில் பக்கங்கள் உண்டு. பட்டம்மாளுக்கு அந்த ஒரு வரிதான். அவருக்கு எழுதக் கற்றுக்கொடுத்தது யார், அந்தத் தெருவில் இன்னும் எத்தனை பெண்கள் இப்படிக் கூடி உட்கார்ந்து கதை கேட்டார்கள், படித்தார்கள்? இந்தக் கேள்விகளை எந்தப் பட்டியலும் உன்னிடம் கேட்காது. நீதான் கேட்க வேண்டும்.

அடுத்து, ஒரு நூலின் ஸ்கேன் பிரதி கண்ணில் பட்டதும் அதுவே முழு நூல் என்று நினைத்துவிடாதே. எந்தப் பதிப்பு, யார் பதிப்பித்தது, என்ன விடுபட்டிருக்கிறது என்று பார். இதில் நமக்கு முன்னோடி பெங்களூர் நாகரத்தினம்மாள். 18ஆம் நூற்றாண்டில் தஞ்சை மராட்டிய அரசவையில் இருந்த முத்துப்பழனி தெலுங்கில் ‘ராதிகா சாந்தவனம்’ என்ற காவியத்தை இயற்றினார். நாகரத்தினம்மாள் கைக்கு முதலில் வந்த அச்சுப் பிரதியில் பல பகுதிகளைக் காணோம். தன் குல வழியைக் கவிஞர் தாமே சொல்லும் முன்னுரையும் அதில் இல்லை. மூலச்சுவடியைத் தேடிப் பிடித்து, ஒப்பிட்டு, 1910இல் முழுமையாக அச்சேற்றினார். அந்தக் காவியம் ஆபாசம் என்று ஆங்கில அரசு மறு ஆண்டே தடை விதித்தது. நாட்டு விடுதலையை ஒட்டித்தான் அந்தத் தடை நீங்கியது. இன்று நாகரத்தினம்மாள் என்றதும் திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்கு அவர் செய்த பணிதான் நினைவுக்கு வருகிறது. ஒரு பெண்ணின் நூலிலிருந்து எது வெட்டப்பட்டது என்று கேட்டுத் தேடிய பதிப்பாசிரியராகவும் அவரை நினைவில் வை.

ஒரே குரலோடு நின்றுவிடாதே. தேவதாசி முறை ஒழிப்பைப் பற்றித் தேடினால் முத்துலட்சுமி ரெட்டி முதலில் வருவார். அவருடைய தாயார் அந்த மரபில் வந்தவர். அதே வாழ்க்கையிலிருந்து வெளியே வந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், தான் கண்டதையெல்லாம் 1936இல் ‘தாசிகளின் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்ற நாவலாக எழுதினார். நாகரத்தினம்மாளோ ஒழிப்பு மசோதாவை எதிர்த்த பக்கம் நின்றார். தேவதாசிப் பெண்கள் தங்கள் கலையும் சொத்துரிமையும் பறிபோகும் என்று அரசுக்கு மனுக்கள் எழுதினார்கள். 1947இல் சட்டம் நிறைவேறியது. வென்ற தரப்பின் பேச்சு நூலாகவும் சிலையாகவும் நிற்கிறது. மற்றவர்களின் பேச்சு மனுக்களில் கிடக்கிறது. எல்லோரையும் படித்துவிட்டு எழுது. அப்போதுதான் உன் தீர்ப்புக்கு மதிப்பிருக்கும்.

இன்னொரு வழியும் உண்டு: ஆண் பெயரால் புகழ்பெற்ற நிகழ்வுகளுக்குள் போய்ப் பெண்களைத் தேடு. ஈ.வெ.ரா.வுக்குப் ‘பெரியார்’ பட்டம் கிடைத்த கதை எல்லோருக்கும் தெரியும். 1938 நவம்பர் 13 அன்று சென்னை ஒற்றைவாடை நாடக அரங்கில் அதைக் கொடுத்தது தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு. தலைமை வகித்தவர் நீலாம்பிகை அம்மையார். ‘பெரியார் பட்டம்’ என்று தேடினால் உனக்குப் பட்டம் மட்டும் கிடைக்கும். அந்த நாளையும் இடத்தையும் வைத்துக்கொண்டு அந்த வாரத்து இதழ்களைப் புரட்டு. யார் பேசினார்கள், என்னென்ன தீர்மானங்கள் போட்டார்கள் என்று ஒரு மேடை முழுவதும் உன் முன் விரியும்.

புரட்டு என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பழைய தமிழ் அச்சைக் கணினி சரியாகப் படிப்பதில்லை. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, றா, னா வடிவங்களும், மங்கிப்போன மையும், பக்கத்துக்குப் பக்கம் மாறும் வடமொழி எழுத்துகளும் அதற்குப் பிடிபடாது. அதனால் சொல்லைப் போட்டுத் தேடுவதோடு நிற்காமல் ஓர் ஆண்டின் இதழ்களை முதல் பக்கத்திலிருந்து பார்த்து வா. தலையங்கத்தைவிட வாசகர் கடிதம், வரன் விளம்பரம், மருந்து விளம்பரம், சந்தாதாரர் பட்டியல், இரங்கல் செய்தி ஆகியவற்றில் நின்று நிதானி. பெண்கள் அங்கேதான் அதிகம் இருக்கிறார்கள். கண்டதை இதழின் பெயர், ஆண்டு, மாதம், பக்கம் என்று குறித்து வை. இணைய முகவரியை மட்டும் நம்பினால் அது மாறிய அன்றே உன் சான்று காணாமல் போகும்.

ஸ்கேன் ஆகாதது இன்னும் ஏராளம். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் பட்டியலை வீட்டிலிருந்தே பார்த்து வைத்துக்கொண்டு, பிறகு ஒரு வாரம் நேரில் போய் உட்கார். எழுத்தாளர் அம்பை 1988இல் மும்பையில் இரு பேராசிரியைகளோடு சேர்ந்து தொடங்கிய ‘ஸ்பாரோ’ ஆவணக் காப்பகத்தையும் தெரிந்துகொள். பெண்களின் குரலும் புகைப்படமுமே வரலாற்று ஆவணம் என்ற உறுதியோடு வளர்ந்த இடம் அது.

இன்றைய பெண்கள் பிரச்சினைகளை எழுதும்போது உனக்கு எண்கள் தேவைப்படும். எண்களையும் இதே கவனத்தோடு படி. 2019ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, சம்பளமில்லாத வீட்டு வேலையில் பெண் நாளுக்கு 299 நிமிடமும் ஆண் 97 நிமிடமும் செலவிடுவதாகச் சொல்கிறது. பலர் அதோடு கட்டுரையை முடித்துவிடுவார்கள். அந்த 97 நிமிடம் எல்லா ஆண்களின் சராசரி இல்லை, வீட்டு வேலை செய்த ஆண்களுக்கு மட்டும் எடுத்த சராசரி. அப்படிச் செய்தவர்கள் ஆண்களில் சுமார் 26 விழுக்காடு, பெண்களில் சுமார் 81 விழுக்காடு. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் உண்மை முழுதாகத் தெரியும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கிலும் இதே எச்சரிக்கை வேண்டும். புகாராகப் பதிவானது மட்டுமே அதில் ஏறும். தேசியக் குடும்பநல ஆய்வில் வீட்டு வன்முறை பற்றிய கேள்விகளை ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டும், தனிமை கிடைத்தால்தான் கேட்கிறார்கள். அதனால் அங்கே வெளிவரும் வன்முறை காவல் நிலையத்துக்கு வருவதைவிடப் பன்மடங்கு அதிகம். ஓர் ஊரில் வழக்கு குறைவு என்றால், அங்கே பெண்கள் புகார் கொடுக்க முடிகிறதா என்று முதலில் கேள்.

நீ நேரில் போய்ப் பெண்களிடம் பேசும் நாளும் வரும். குரலைப் பதிவு செய்யச் சம்மதித்தவர், அதை இணையத்தில் போடவும் சம்மதித்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ளாதே. இரண்டையும் தனித்தனியாகக் கேள். போட்ட பிறகு திரும்பப் பெற வழியில்லை, ஊரும் உறவும் கேட்கும் என்பதை அவருக்குப் புரியும்படி சொல். பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவதைச் சட்டமே தண்டிக்கிறது. பெயரை மறைத்துவிட்டு ஊர், பள்ளி, அப்பாவின் தொழில் எல்லாவற்றையும் எழுதினால் அதுவும் காட்டிக்கொடுப்பதுதான். எவ்வளவு அருமையான சான்றாக இருந்தாலும் சரி, அந்தப் பெண் வேண்டாம் என்றால் விட்டுவிடு.

கடைசியாக, எடுத்ததைத் திருப்பிக் கொடு. 2018இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற டோனா ஸ்ட்ரிக்லேண்டுக்கு, பரிசு அறிவித்த நாள்வரை ஆங்கில விக்கிப்பீடியாவில் பக்கமே இல்லை. சில மாதங்களுக்கு முன் ஒருவர் எழுதிக்கொடுத்த வரைவையும், போதிய சான்று இல்லை என்று நிராகரித்திருந்தார்கள். நோபல் அளவுக்கு உயர்ந்த விஞ்ஞானிக்கே இப்படியென்றால், நம் ஊர் மருத்துவச்சிக்கும் தொழிற்சங்கத் தலைவிக்கும் யார் பக்கம் திறப்பார்கள்? அந்தச் சான்றைத் தேடி எடுக்கக்கூடியவள் நீ. ஒரு கட்டுரை முடிந்ததும், அதற்காகத் திரட்டிய பெயர் வடிவங்கள், ஆண்டுகள், சான்றுகளைத் தமிழ் விக்கிப்பீடியாவில் சேர்த்துவிடு. மின்னூலகப் பட்டியலில் ஆசிரியையின் பெயர் தவறாக இருந்தால் எழுதித் திருத்தச் சொல். உன் வீட்டுப் பழைய புகைப்படங்களில் இருக்கும் பெண்கள் யார் யார் என்று பாட்டியிடம் கேட்டு, படத்தின் பின்புறம் எழுதி, ஸ்கேன் செய்து வை.

இப்படி நீ ஒரு பெயரைச் சரியாகப் பதிவு செய்தால், அடுத்து தேடுகிறவளுக்கு ஒரு வாரத்து உழைப்பு மிச்சம். அந்த ஒரு வாரத்தில் அவள் இன்னொரு பெண்ணைக் கண்டுபிடிப்பாள். முதல் கட்டுரையை முடித்ததும் எனக்கு அனுப்பு. சான்றுகளோடு அனுப்பு.

அன்புடன்,
உன் அக்கா