பதிப்பு எண் சொல்லும் வாக்குறுதி

செம்பவாங் கடற்கரையில் பிரிட்டிஷார் ஒரு பெரிய உலர்துறையைக் கட்டினர். கடற்படைத் தளத்திற்காகக் கட்டப்பட்ட அத்துறை 1938ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் திறக்கப்பட்டது. அதற்கு ஆறாம் ஜார்ஜ் மன்னரின் பெயர் சூட்டப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ 300 மீட்டர். கப்பல் உள்ளே வந்ததும் கதவு அடைக்கப்படும். கடல்நீர் இறைத்து வெளியேற்றப்படும். அதன் பிறகு ஊழியர்கள் கீழே இறங்கிக் கப்பலின் அடிப்பகுதியைப் பழுதுபார்ப்பார்கள்.

1968ஆம் ஆண்டில் தளத்தின் கப்பல் பட்டறை சிங்கப்பூர் அரசாங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டது. செம்பவாங் கப்பல் பட்டறை என்ற நிறுவனம் உருவானது. போர்க்கப்பல்கள் வந்த இடத்திற்கு வணிகக் கப்பல்கள் வரத் தொடங்கின. உரிமையாளர் மாறினார், பெயர்ப்பலகை மாறியது, வேலை முறையும் மாறியது. ஆனால், துறையின் நீளமும் அகலமும் மாறவில்லை. கப்பல் தலைவருக்குத் துறையின் உரிமையாளர் யார் என்பது முக்கியமன்று. அதன் அளவுகள்தாம் முக்கியம். அறிவிப்பு எதுவும் இல்லாமல் ஓரிரவில் துறை ஒரு மீட்டர் குறுகிப்போனால், மறுநாள் வரும் கப்பல் சுவரில் மோதும்.

கணினி உலகிலும் இத்தகைய ‘துறை’களும் ‘கப்பல்’களும் உள்ளன. அங்கும் அளவுகள் மாறாமல் காக்கப்பட வேண்டும். அதே சமயம் முன்னேற்றமும் தடைபடக்கூடாது. இவ்விரண்டையும் எவ்வாறு ஒருசேரச் செய்வது என்பதை இப்பகுதி விளக்குகிறது.

நிலைபொருள் எதை நம்புகிறது?

ஒரு கணினியின் மின்விசையை அழுத்தியவுடன் முதலில் இயங்குவது நாம் அன்றாடம் பயன்படுத்தும் செயலிகள் அல்ல. தாய்ப்பலகையில் பதிந்துள்ள ஒரு சிறிய நிரல்தான் முதலில் கண்விழிக்கிறது. அதற்கு நிலைபொருள் என்று பெயர். ஆங்கிலத்தில் ஃபர்ம்வேர் எனப்படும் இச்சொல்லை 1967ஆம் ஆண்டில் ஆஷர் ஓப்லர் என்பவர் அறிமுகப்படுத்தினார். வன்பொருளுக்கும் மென்பொருளுக்கும் இடையில் நிற்பது என்பதே அதன் பொருள்.

நிலைபொருள் தன்னைச் சுற்றியுள்ள வன்பொருளைச் சோதிக்கிறது. நினைவகம் எவ்வளவு இருக்கிறது, சேமிப்புத் தட்டு எங்கே இணைக்கப்பட்டிருக்கிறது, கடிகாரம் எந்த முகவரியில் உள்ளது என்பனவற்றை அறிந்து, பிறகு இயங்குதளத்தை எழுப்புகிறது. இந்த வேலையை அது ஒரு நம்பிக்கையின் அடிப்படையில்தான் செய்கிறது. தான் எதிர்பார்க்கும் சில்லு, தான் எதிர்பார்க்கும் இடத்தில் இருக்கும் என்பதே அந்த நம்பிக்கை. அது பொய்த்துப்போனால் திரை இருண்டே கிடக்கும்.

கணினிக்குள் ஒரு கணினி

உண்மையான வன்பொருள் தேய்ந்துபோகும், சந்தையிலிருந்தும் மறைந்துபோகும். ஆனால், அதற்காக எழுதப்பட்ட நிரல்கள் நீண்ட காலம் தேவைப்படலாம். இச்சிக்கல் புதியதன்று. 1960களில் சிங்கப்பூரின் மத்திய சேமநிதிக் கழகம் ஐபிஎம் 1401 என்ற கணினியைப் பயன்படுத்தியது. நாட்டின் முதல் கணினிகளுள் அதுவும் ஒன்று. உலகெங்கும் பல நிறுவனங்கள் அதே வகைக் கணினிக்காகத் தங்கள் நிரல்களை எழுதியிருந்தன.

1964ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஐபிஎம் நிறுவனம் சிஸ்டம் 360 என்ற புதிய கணினிக் குடும்பத்தை அறிவித்தது. அதன் உள்ளமைப்பு 1401 கணினியின் அமைப்பிலிருந்து முற்றிலும் வேறுபட்டது. பழைய நிரல்களையெல்லாம் திருத்தி எழுதச் சொன்னால் வாடிக்கையாளர்கள் புதிய கணினியை வாங்கத் தயங்குவார்கள். ஆகவே, புதிய குடும்பத்தின் சில கணினிகள் பழைய 1401 போலவே நடந்துகொள்ளும்படி அமைக்கப்பட்டன. ஒரு கணினி மற்றொரு கணினியாகப் பாவனை செய்யும் இம்முறையை எமுலேஷன் என்பர். தமிழில் இதனைப் ‘பாவனைப் பொறி’ எனலாம்.

இன்று இந்தப் பாவனையை மென்பொருளே செய்துவிடுகிறது. 2003ஆம் ஆண்டில் ஃபிரான்ஸ் நாட்டு நிரலாளர் ஃபாப்ரிஸ் பெல்லார் தொடங்கிய கியூஎமு என்ற மென்பொருள் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அது ஒரு முழுக் கணினியையே மென்பொருளாக உருவாக்குகிறது. உள்ளே இயங்கும் நிலைபொருளும் இயங்குதளமும் தாங்கள் உண்மையான தாய்ப்பலகையின்மீது இயங்குவதாகவே எண்ணிக்கொள்கின்றன. இவ்வாறு உருவாகும் கணினியை மெய்நிகர் கணினி என்பர்.

கியூஎமுவின் பாவனைப் பொறிகளுள் ஒன்று, இன்டெல் நிறுவனம் 1996ஆம் ஆண்டில் வெளியிட்ட 440எஃப்எக்ஸ் என்ற சில்லுத் தொகுதியைப் பின்பற்றுகிறது. அந்தச் சில்லுத் தொகுதியைக் கடைகளில் இப்போது காண்பது அரிது. ஆனால், மென்பொருள் வடிவில் அது இன்னும் உழைத்துக்கொண்டிருக்கிறது. சிங்கப்பூரில் 70க்கும் மேற்பட்ட தரவு நிலையங்கள் உள்ளன. உலகின் இத்தகைய நிலையங்களில், ஒரே பெரிய கணினிக்குள் பல மெய்நிகர் கணினிகள் இயங்குவது இன்று வழக்கமான காட்சியாகிவிட்டது.

மேம்பாடு ஏன் ஆபத்தாகிறது?

மென்பொருள் என்றால் அதனை மேம்படுத்திக்கொண்டே இருப்பார்கள். கியூஎமுவிலும் பிழைகள் திருத்தப்படுகின்றன; புதிய சாதனங்கள் சேர்க்கப்படுகின்றன. இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. பாவனைப் பொறியில் செய்யும் மாற்றம், உள்ளே இயங்கும் இயங்குதளத்திற்குத் தாய்ப்பலகையையே மாற்றியது போலத் தோன்றலாம்.

எடுத்துக்காட்டாக, பிணைய அட்டை மூன்றாவது துளையிலிருந்து நான்காவது துளைக்கு மாறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சில இயங்குதளங்கள் பிணைய அட்டைக்கு அது செருகப்பட்டுள்ள இடத்தைக் கொண்டே பெயரிடுகின்றன. இடம் மாறினால் பெயரும் மாறும். பழைய பெயருக்காக எழுதிவைத்த அமைப்புகள் பயனற்றுப்போகும். கணினி பிணையத்தொடர்பை இழக்கும்.

இதைவிடக் கடினமான சூழல் ஒன்று உண்டு. இயங்கிக்கொண்டிருக்கும் மெய்நிகர் கணினியை நிறுத்தாமலேயே வேறொரு பெரிய கணினிக்கு இடம்பெயர்க்கலாம். அப்போது அதன் நினைவகம் முழுவதும் அப்படியே புதிய இடத்திற்குப் போய்ச் சேர வேண்டும். ஓடும் பேருந்திலிருந்து பயணிகளை அவரவர் இருக்கை எண் மாறாமல் மற்றொரு பேருந்திற்கு மாற்றுவது போன்றது இது. இரண்டாவது பேருந்தில் ஓர் இருக்கை குறைந்தாலும் குழப்பம்தான்.

2014ஆம் ஆண்டில் கியூஎமு 2.1 பதிப்பு தயாராகிக்கொண்டிருந்தபோது இத்தகைய சிக்கல் எழுந்தது. வன்பொருளின் அமைப்பை விவரிக்கும் சில அட்டவணைகளைக் கியூஎமு உருவாக்கி நிலைபொருளிடம் கொடுக்கிறது. புதிய பதிப்பில் அந்த அட்டவணைகளின் அளவு மாறியது. அதனால் பழைய பதிப்பிலிருந்து இடம்பெயரும் மெய்நிகர் கணினிகள் பாதிக்கப்படும் நிலை உருவானது. நிரலாளர்கள் இரண்டு வழிகளைக் கையாண்டனர். பழைய 2.0 பொறிக்குப் பழைய அளவையே கணக்கிட்டுத் தந்தனர். புதிய பொறிக்குத் தேவைக்கு அதிகமான இடத்தை ஒதுக்கி, மீதியை வெற்றிடமாக விட்டனர். பின்னாளில் அட்டவணை சற்று வளர்ந்தாலும் மொத்த அளவு மாறாமலிருக்க அந்த வெற்றிடம் உதவும்.

பெயரோடு ஓர் எண்

பழைய பொறிக்கு ஓர் அளவு, புதிய பொறிக்கு வேறோர் அளவு என்று பிரிக்க வேண்டுமானால், எது பழையது, எது புதியது என்று அறிய வழி வேண்டும். அதற்காகத்தான் பாவனைப் பொறிகளுக்குப் பதிப்பு எண்கள் தரப்படுகின்றன. 2.0 வெளியானபோது உருவான பொறிக்கு 2.0 என்றும், 2.1 வெளியானபோது உருவான பொறிக்கு 2.1 என்றும் பெயர். புதிய கியூஎமுவை நிறுவிய பிறகும், “எனக்கு 2.0 பொறிதான் வேண்டும்” என்று கேட்டால் பல ஆண்டுகளுக்கு அதுவே கிடைத்தது. உள்ளே இருக்கும் இயந்திரம் புதியது. வெளியே காட்டும் முகம் பழையது.

இதற்காக ஒவ்வொரு பொறியையும் முழுதாக எழுதிவைப்பதில்லை. புதிய பதிப்பில் ஒரு வசதியைச் சேர்க்கும் நிரலாளர், ‘இந்த எண்ணுக்கு முந்தைய பொறிகளில் இவ்வசதியை அணைத்துவிடுக’ என்ற குறிப்பையும் சேர்த்து எழுதுகிறார். இக்குறிப்புகள் அடுக்கடுக்காகச் சேர்கின்றன. பத்துப் பதிப்புகளுக்கு முந்தைய பொறி வேண்டுமென்றால் பத்து அடுக்குக் குறிப்புகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்பற்றப்படுகின்றன.

எல்லா மாற்றங்களுக்கும் இத்தகைய குறிப்புத் தேவையில்லை. உள்ளே இயங்கும் நிலைபொருளோ இயங்குதளமோ கண்டுகொள்ளக்கூடிய மாற்றத்திற்கு மட்டுமே அது தேவை. வேகத்தைக் கூட்டும் ஒரு திருத்தம் வெளித்தோற்றத்தை மாற்றாவிட்டால், அதனை எல்லாப் பொறிகளுக்கும் கொடுக்கலாம். கப்பல் பட்டறையில் நீர் இறைக்கும் பொறியை மாற்றலாம். துறையின் அகலத்தை மாற்றக்கூடாது.

பயனருக்கும் ஒரு பொறுப்பு உண்டு. எண்ணைக் குறிப்பிடாமல் பொறியின் பொதுப்பெயரை மட்டும் எழுதினால், அந்நேரத்தில் நிறுவப்பட்டுள்ள மென்பொருளின் புதிய பொறியே கிடைக்கும். இன்று ஒன்று, அடுத்த ஆண்டு மற்றொன்று. நீண்ட காலம் இயங்க வேண்டிய கணினிக்கு முழுப்பெயரை எண்ணோடு எழுதிவைப்பதே பாதுகாப்பு.

ஜூ கூன் நிலையத்தில் நடந்தது

இணக்கம் காப்பது கணினி அறைக்குள் மட்டும் நடக்கும் வேலையன்று. சிங்கப்பூரின் பெருவிரைவு ரயில் பாதைகளில் பழைய சமிக்ஞை முறைக்குப் பதிலாகப் புதிய முறை பொருத்தப்பட்டது. செம்பவாங் வழியாகச் செல்லும் வடக்கு-தெற்குப் பாதை 2017ஆம் ஆண்டில் முதலில் புதிய முறைக்கு மாறியது. கிழக்கு-மேற்குப் பாதையில் மாற்றம் முழுமை பெறவில்லை. அப்பாதையின் பெரும்பகுதியில் பழைய முறையும், புதிதாகத் திறக்கப்பட்ட துவாஸ் மேற்கு நீட்டிப்பில் புதிய முறையும் இயங்கின. ரயில்கள் இரண்டையும் கடந்து செல்ல வேண்டியிருந்தது.

புதிய முறையைக் கொண்ட ரயில், பழைய முறை உள்ள பகுதியிலும் பாதுகாப்பாகச் செல்ல ஒரு மென்பொருள் ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. அது ரயிலைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத காப்பு வளையம்போல் இருந்தது. 2017ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் தேதி காலையில், திருத்தியமைக்கப்படாத ஒரு சமிக்ஞைச் சுற்றமைப்பை ஒரு ரயில் கடந்தபோது அந்தக் காப்பு நீங்கியது. ஜூ கூன் நிலையத்தில் நின்றுகொண்டிருந்த ஆறு பெட்டி ரயிலை, சமிக்ஞை முறை மூன்று பெட்டி ரயிலாகக் கணித்தது. பின்னால் நின்ற ரயில் முன்னேறி அதன்மீது மோதியது. 38 பேர் காயமடைந்தனர்.

அதன்பின் பழைய முறையும் புதிய முறையும் ஒன்றோடொன்று கலவாதபடி பிரிக்கப்பட்டன. ஜூ கூன், கல் சர்க்கிள் நிலையங்களுக்கு இடையே ரயில் சேவை நிறுத்தப்பட்டு, பேருந்துகள் இயக்கப்பட்டன. பாதை முழுவதும் புதிய முறைக்கு மாறிய பிறகு, 2018ஆம் ஆண்டு மே மாதத்தில் அச்சேவை மீண்டும் தொடங்கியது.

இந்நிகழ்வில் பழையதும் புதியதும் இணங்கிச் செல்வதற்கான ஏற்பாடு இருந்தது. ஆனால், பாதையின் எல்லாச் சுற்றமைப்புகளும் அந்த ஏற்பாட்டுக்கேற்பத் திருத்தப்பட்டிருந்தால் மட்டுமே அது பயன் தரும். ஓரிடத்தில் விடுபட்ட வேலை, மற்ற இடங்களில் செய்த வேலையின் பயனையும் கெடுத்துவிட்டது.

எவ்வளவு காலம் காப்பது?

பழைய பொறிகள் அனைத்தையும் என்றென்றும் காக்க முடியுமா? ஒவ்வொரு பதிப்பையும் சோதிக்க நேரமும் உழைப்பும் தேவை. அடுக்குகள் கூடக்கூடப் பிழைகள் ஒளிந்துகொள்ளும் இடங்களும் கூடும். எனவே, கியூஎமு ஒரு விதியை வகுத்துள்ளது. ஒரு பதிப்புப் பொறி வெளியாகி மூன்று ஆண்டுகள் கடந்ததும், அது கைவிடப்படவிருக்கிறது என்று எச்சரிக்கை விடுக்கப்படுகிறது. ஆறு ஆண்டுகள் கடந்ததும் அது நீக்கப்படுகிறது. இடைப்பட்ட காலத்தில் பயனர்கள் தங்கள் மெய்நிகர் கணினிகளைப் புதிய பொறிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

இவ்விதியில் ஒரு நேர்மை இருக்கிறது. எதையும் மாற்றமாட்டோம் என்று அது சொல்லவில்லை. மாற்றத்தை முன்கூட்டியே அறிவிப்போம், ஆயத்தமாவதற்குக் காலம் தருவோம் என்கிறது. பதிப்பு எண் என்பது, முகம் தெரியாத பயனர்களுக்கு நிரலாளர் கொடுக்கும் வாக்குறுதி. அதனைக் கொடுப்பது எளிது; காப்பாற்றுவதற்குத்தான் ஒவ்வொரு மாற்றத்தின்போதும் விழிப்பு வேண்டும்.

சொல்வளம்

உலர்துறை – நீரை வெளியேற்றிவிட்டுக் கப்பலைப் பழுதுபார்க்கும் இடம்
நிலைபொருள் – கணினியை முதலில் இயக்கும், வன்பொருளில் பதிந்துள்ள நிரல்
பாவனைப் பொறி – வேறொரு கணினியைப்போல் நடந்துகொள்ளும் அமைப்பு
இணக்கம் – பழையதும் புதியதும் ஒத்துச் செல்லும் தன்மை

சிந்தித்து விடை கூறுக

1. கப்பல் துறையின் அளவுகளுக்கும் பாவனைப் பொறியின் பதிப்பு எண்ணுக்கும் உள்ள ஒற்றுமை யாது?
2. எத்தகைய மாற்றங்களுக்குக் குறிப்புத் தேவை? எத்தகைய மாற்றங்களுக்குத் தேவையில்லை? காரணத்துடன் விளக்குக.
3. ஜூ கூன் நிலையத்தில் நடந்த விபத்து, இணக்கம் காப்பதைப் பற்றி நமக்கு உணர்த்துவது என்ன?
4. பழைய பதிப்புகளை ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு நீக்குவது சரியா? உங்கள் கருத்தைக் காரணங்களுடன் எழுதுக.