ஓதம் வரையும் வளைவரை

நுழையும்முன்

கணக்குப் பாடத்தில் சைன் வளைவரையை வரைந்திருப்பீர்கள். மேலேறி, கீழிறங்கி, மீண்டும் மேலேறும் அந்தக் கோடு தாளில் மட்டும் வாழ்வதன்று. காரைக்கால் கரையில் கடல் அதை நாள்தோறும் வரைந்துகொண்டிருக்கிறது.

அரசலாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் ஒரு கழியை நட்டு, மணிக்கொருமுறை நீர்மட்டத்தைக் குறித்து வருவதாகக் கொள்வோம். சிற்றலைகளின் துள்ளலைக் கணக்கில் கொள்ளாது விட்டால், நீர் மெல்ல ஏறுவதும் மெல்ல வற்றுவதும் புலப்படும். இதனையே நம் முன்னோர் ஓதம் என்றனர். ஓர் ஏற்றத்திற்கும் அடுத்த ஏற்றத்திற்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் செல்லும். குறித்த புள்ளிகளை இணைத்தால் கிடைப்பது, பெரும்பாலும் நீங்கள் அறிந்த அதே வளைவரைதான்.

ஏன் அப்படி? பாடநூல்கள் பலவும் அலையை வரைந்து காட்டிவிட்டு, அது பிறந்த வட்டத்தை மறந்துவிடுகின்றன. வட்டத்தின் மீது சீராகச் சுற்றிவரும் ஒரு புள்ளியின் உயரத்தை மட்டும் நோக்கி, அதைக் காலத்தின் போக்கில் நீட்டி வரைந்தால் சைன் வளைவரை உருவாகிறது. ஓதத்திற்குப் பின்னேயும் சுழற்சிகளே உள்ளன: புவி தன்னைத்தானே சுற்றுகிறது, நிலவு புவியைச் சுற்றுகிறது.

ஒரு சுற்று 360 பாகை. அதை 12.42 மணியால் வகுத்தால், மணிக்கு ஏறத்தாழ 29 பாகை. கணக்கிற்காக வீச்சு 30 செ.மீ. எனக் கொள்க. நடுமட்டத்திலிருந்து ஏறத் தொடங்கும் நீர் முதல் மணியில் 14.5 செ.மீ. உயரும், இரண்டாம் மணியில் 11 செ.மீ. அளவே உயரும், மூன்றாம் மணியில் 5 செ.மீ. கூட உயராது. நடுவில் விரைவு, உச்சியில் தயக்கம். வளைவரை நடுக்கோட்டைக் கடக்கும்போது செங்குத்தாகவும் முகட்டில் தட்டையாகவும் இருப்பதன் பொருள் இதுவே.

வீச்சும் காலமும் வெவ்வேறானவை என்பதில் மாணவர் பலர் தடுமாறுவர். நம் கரையில் ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவு. குஜராத்தின் காம்பே வளைகுடாவிலோ அது பத்து மீட்டரையும் எட்டும். ஆயினும் ஏற்றங்களுக்கு இடைப்பட்ட காலம் இரண்டு இடங்களிலும் ஏறத்தாழ ஒன்றே. வீச்சைக் கடற்கரையின் வடிவமும் ஆழமும் மாற்றலாம். காலத்தை விண்ணே வகுக்கிறது.

இரண்டு வளைவரைகள் கூடும்போது

கதிரவனும் கடலை இழுக்கிறது. அதன் ஓதத்திற்குக் காலம் சரியாக 12 மணி. மணிக்கு 30 பாகை. நிலவின் வளைவரையையும் கதிரவனின் வளைவரையையும் கூட்டிப் பாருங்கள். இரண்டின் முகடுகளும் ஒன்றும் நாளில் ஏற்றம் மிகும். ஒன்றின் முகடும் மற்றதன் பள்ளமும் சேரும் நாளில் ஏற்றம் குன்றும். மணிக்கு ஒரு பாகையும் சற்றுக் கூடுதலுமாக விலகிச் செல்லும் இவை மீண்டும் ஒன்றுசேர ஏறத்தாழ பதினைந்து நாள் ஆகும். முழுநிலவையும் மறைநிலவையும் ஒட்டி ஓதம் பெருகுவதன் கணக்கு இதுதான். அவ்விரு நாள்களுக்கும் ‘உவா’ என ஒரே பெயரைத் தமிழ் வைத்திருப்பது எண்ணத்தக்கது.

உண்மையான ஓதத்தில் இவ்விரண்டு மட்டுமல்ல, இன்னும் பல சைன் வளைவரைகள் கலந்துள்ளன. அவற்றைக் கூட்டித்தரும் பற்சக்கரப் பொறியைக் கெல்வின் 1870களில் உருவாக்கினார். இந்தியத் துறைமுகங்களுக்கெனத் தனிப்பொறி ஒன்றை எட்வர்டு ராபர்ட்ஸ் 1879இல் வடிவமைத்தார்.

காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அந்நாளில், தெற்கே ஆங்கிலேயர் வசமிருந்த நாகப்பட்டினத்தில் கடல்மட்டத்தைத் தானே பதியும் கருவி இயங்கிவந்தது. 1883 ஆகஸ்டு 27 அன்று இந்தோனேசியாவின் கிராகடோவா எரிமலை வெடித்தபோது, அக்கருவியின் சீரான கோட்டில் ஓதத்திற்குரியதல்லாத ஏற்ற இறக்கங்கள் பதிவாயின. கோடு வழக்கமாக எப்படிச் செல்லும் என்பது தெரிந்திருந்ததால்தான், அவை அயலானவை என்று கண்டுகொள்ள முடிந்தது.

2004 டிசம்பர் 26 முழுநிலவு நாள். ஓதம் சற்றே மிகுந்து எழவேண்டிய நாள்தான். ஆனால் சுமத்ராவை அடுத்த கடலடியில் நிலம் நடுங்கிய ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் காரைக்கால் கரைமீது ஏறியது ஓதமன்று. ஆழிப்பேரலையில் இம்மாவட்டம் நூற்றுக்கணக்கானோரை இழந்தது. சென்னைத் துறைமுகத்தின் கருவி அந்த அலைகளைப் பதிவு செய்தது. ஆனால் அப்பதிவை உடனுக்குடன் படித்துக் கரையோரத்தாரை எச்சரிக்கும் அமைப்பு அன்று இந்தியாவில் இல்லை.

2007 முதல் ஐதராபாத்தில் இயங்கும் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையத்திற்குக் கடல்மட்ட அளவுகள் உடனுக்குடன் சென்று சேர்கின்றன. அங்கு நடைபெறும் பணிகளுள் ஒன்று, பதினொன்றாம் வகுப்பு மாணவர் எவரும் புரிந்துகொள்ளக்கூடியது. அளந்த மட்டத்திலிருந்து சைன் வளைவரைகள் முன்னுரைத்த மட்டத்தைக் கழிக்கிறார்கள். எஞ்சுவது சுழியத்தை ஒட்டியிருந்தால், கடல் தன் வழக்கப்படி இருக்கிறது. எஞ்சுவதில் ஒரு புதிய அலை தலைகாட்டினால், அது எவ்வளவு உயரம், அடுத்த முகடு எப்போது என்று கணக்கிடத் தொடங்குகிறார்கள்.