பட்டியும் காடும்: பகையைத் தவிர்க்கும் வழிகள்

திண்டுக்கல் சமவெளியில் மானாவாரி நிலத்தை நம்பி வாழும் குடியானவருக்கு ஆடு என்பது கையிருப்புப் பணமாகும். மழை பொய்த்துச் சோளம் கருகினாலும், வியாழக்கிழமைதோறும் அய்யலூரில் கூடும் ஆட்டுச் சந்தைக்கு இரண்டு கிடாய்களை ஓட்டிச் சென்றால் குடும்பத்தின் அவசரச் செலவுகளைச் சமாளித்துக்கொள்ளலாம். அந்தக் கையிருப்பு ஒரே இரவில் பட்டிக்குள் குதறப்பட்டுக் கிடக்குமானால், ஆட்டுக்காரருக்கு எழும் துயரமும் கோபமும் இயல்பானவையே. ஆயினும் அந்தக் கோபத்தில் செய்யப்படும் காரியங்கள் பெரும்பாலும் எஞ்சிய ஆடுகளைக் காப்பாற்றுவதில்லை. செய்தவரைச் சிறைக்கு அனுப்புவதும் உண்டு. வனவிலங்குகளுக்கும் கால்நடை வளர்ப்போருக்கும் இடையே எழும் பகையில், சேதம் நேர்ந்த பின் செய்யும் பழிவாங்குதலைவிடச் சேதம் நேருமுன் செய்யும் ஏற்பாடே பயன் தரும். அந்த ஏற்பாட்டில் பாதி ஆட்டுக்காரரின் கையிலும், பாதி ஊராட்சியின் கையிலும் இருக்கின்றது.

நிலமும் சட்டமும்

திண்டுக்கல் நகருக்குத் தெற்கே சிறுமலையும், மேற்கிலும் தென்மேற்கிலும் பழனி மலைத்தொடரும், வடகிழக்கே அய்யலூர், கடவூர்ப் பகுதிக் குன்றுகளும் அமைந்துள்ளன. இவற்றின் அடிவாரங்களில் உள்ள ஊர்களில் காட்டின் எல்லை எங்கே முடிகிறது, மேய்ச்சல் நிலம் எங்கே தொடங்குகிறது என்பதை ஆடுகளும் அறியா, விலங்குகளும் அறியா. காட்டுமாடு நீர் தேடிச் சமவெளிக்கு இறங்குகிறது. ஆடு தழை தேடிக் குன்றின்மேல் ஏறுகிறது.

2022-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் சென்னை உயர் நீதிமன்றம், தமிழ்நாட்டுக் காடுகளில் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. பின்னர் அதே மாதத்தில், அத்தடை தேசியப் பூங்காக்கள், வனவிலங்குச் சரணாலயங்கள், புலிகள் காப்பகங்கள் ஆகியவற்றுக்கு மட்டுமே உரியது என்று தன் ஆணையைத் திருத்திற்று. அவ்வாண்டு அக்டோபரில் திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்புள்ள காடுகளைக் கடவூர் தேவாங்குச் சரணாலயமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. தேவாங்குக்கென்றே இந்தியாவில் அமைந்த முதற் சரணாலயம் இதுவே. வேடசந்தூர், திண்டுக்கல் கிழக்கு, நத்தம் ஆகிய வட்டங்களின் காட்டுப் பகுதிகள் இதில் அடங்கும். ஆகவே, தலைமுறைகளாக இக்குன்றுகளை மேய்ச்சலுக்கு நாடிய குடும்பங்களின் எதிரே புதிய கேள்வி ஒன்று எழுந்துள்ளது: இனி ஆட்டுக்குத் தழை எங்கிருந்து வரும்?

தேவாங்கும் தொரட்டியும்

தேவாங்கு ஆட்டைத் தொடுவதில்லை. இரவில் மரக்கிளைகளில் மெல்ல நடந்து பூச்சிகளைப் பிடித்துத் தின்னும் சிறு பிராணி அது. பயிரைத் தின்னும் பூச்சிகளையும் உண்பதால் உழவருக்கு அதனால் நன்மையே உண்டு. எனினும் அதற்கும் ஆட்டுக்கும் இடையே ஒரு மறைமுகமான போட்டி இருக்கிறது. தேவாங்கு பாய்ந்து தாவும் ஆற்றல் அற்றது. ஒரு மரத்திலிருந்து மறு மரத்திற்குச் செல்லக் கிளையோடு கிளை பின்னியிருத்தல் வேண்டும். தொரட்டியால் கிளைகளை வெட்டிச் சாய்க்கும்பொழுது அதன் பாதை அறுந்துபோகிறது. புது முளை வரும் என்று கருதிப் புல்லுக்குத் தீ வைத்தால், புதரும் இளங்கன்றும் சேர்ந்து அழிகின்றன.

இப்போட்டியைத் தீர்க்கும் வழி தழையை வீட்டருகே வளர்ப்பதேயாகும். அகத்தி, சூபாபுல், கிளைரிசிடியா, வேலிமசால் ஆகியவற்றை வரப்பிலும் வேலியிலும் நடலாம். காங்கேயம், தாராபுரம், மூலனூர்ப் பகுதிகளின் குடியானவர்கள் கிளுவை வேலி சூழ்ந்த கொறங்காடுகளில் கொழுக்கட்டைப் புல்லையும் வெள்வேல மரங்களையும் காத்து, முறைவைத்து மேய்த்து வருகின்றனர். வறண்ட நிலமே மேய்ச்சல் நிலமாகும் என்பதற்கு நமக்கு அண்மையிலுள்ள சான்று இது. நம் ஊர்களின் மேய்க்கால் புறம்போக்கு நிலங்களைச் சீமைக்கருவேலும் ஆக்கிரமிப்பும் விழுங்கிவிடாமல் காத்துப் புல் விதைப்பது ஊராட்சி மேற்கொள்ளத்தக்க முதற் காரியமாகும்.

கொன்றது எது?

ஆடு இறந்து கிடந்தால், "சிறுத்தை வந்துவிட்டது" என்ற பேச்சு ஒரு நாளில் பத்து ஊர்களுக்குப் பரவிவிடுகிறது. உண்மையில் சிறுத்தையும் வரலாம். ஆனால் சமவெளி ஊர்களில் பல வேளைகளில் குற்றவாளி தெருநாய்க் கூட்டமே. கொன்றது எது என்று அறியாமல் எடுக்கும் நடவடிக்கை வீணாகும். ஆகவே சில அடையாளங்களை ஊராட்சி உறுப்பினர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நன்று.

சிறுத்தை பெரும்பாலும் குரல்வளையைக் கவ்விக் கொல்லும். தொண்டையில் ஆழ்ந்த பல் துளைகள் காணப்படும். உடலை மறைவிடத்திற்கு இழுத்துச் செல்வது அதன் வழக்கம். இழுத்த தடம் மண்ணில் தெரியும். அதன் காலடி வட்டமானது. நடக்கும்பொழுது நகத்தை உள்ளிழுத்துக்கொள்வதால் நகக்குறி பதியாது.

நாய்கள் ஆட்டைத் துரத்தித் துரத்திக் கடிக்கும். பின்தொடை, விலா, காது, வால் என்று பல இடங்களில் கிழிந்த காயங்கள் இருக்கும். பல ஆடுகள் கொல்லப்பட்டும் அவற்றுள் அதிகம் தின்னப்படாமல் கிடப்பது நாய்க் கூட்டத்தைச் சந்தேகிக்க வேண்டிய குறியாகும். எனினும் திறந்த பட்டிக்குள் புகுந்த சிறுத்தையும் மிரண்டோடும் ஆடுகள் பலவற்றை அடித்துவிடக்கூடும். ஆதலால் எண்ணிக்கையை மட்டும் கொண்டு முடிவு செய்தல் கூடாது. நாயின் காலடி சற்று நீண்டது. நகக்குறி தெளிவாகப் பதியும். நரி பெரும்பாலும் குட்டிகளையே கவரும்.

எனவே இறந்த ஆட்டை அப்புறப்படுத்துமுன் காயத்தையும் காலடியையும் படம் எடுத்துக்கொள்க. காலடியின்மேல் ஒரு கூடையைக் கவிழ்த்து வைத்தால் வனத்துறையினர் வரும்வரை அது அழியாது. கிராம நிர்வாக அலுவலர், வனக்காப்பாளர், கால்நடை உதவி மருத்துவர் ஆகியோருக்கு அன்றே தகவல் தருக. பிணப் பரிசோதனைச் சான்று இல்லாத கோரிக்கை வலுவிழந்து நிற்கும். தெருநாய்களால் இறக்கும் கால்நடைகளுக்கும் 2025-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு நிவாரணம் அறிவித்தது: மாட்டுக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 6,000 ரூபாய். ஆகையால், நாய் கொன்ற ஆட்டைச் சிறுத்தை கொன்றதாகக் கூறுவதால் லாபம் ஏதும் இல்லை. கோரிக்கை தவறான அலுவலகத்திற்குச் சென்று காலதாமதம் ஆவதே மிச்சம்.

பட்டிக்குக் கூரை

பகலில் மேய்ப்பவர் உடனிருக்கையில் நேரும் சேதத்தைவிட, இரவில் பட்டிக்குள் நேரும் சேதமே குடும்பத்தை முறிப்பது. படலால் அமைத்த பட்டி ஆட்டை வெளியே போகாமல் தடுக்கும்; சிறுத்தையை உள்ளே வராமல் தடுக்காது. சிறுத்தை உயரத்தைத் தாண்டிக் குதிக்கும்; நாய் அடியில் தோண்டி நுழையும். ஆகவே மேலே கம்பிவலைக் கூரை, பக்கங்களில் உறுதியான வலை, அடியில் கல் பதித்த ஓரம், இடைவெளியில்லாத கதவு என்னும் நான்கும் ஒருங்கே வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் மற்ற மூன்றின் செலவு வீண்.

லடாக் பகுதியில் பனிச்சிறுத்தைகள் ஆட்டுக் கொட்டில்களுக்குள் குதித்து ஒரே இரவில் பல ஆடுகளைக் கொன்றுவந்தன. அங்குள்ள ஊர்மக்கள் கொட்டில்களின் மேல் கம்பிவலை வேய்ந்து அச்சேதத்தைத் தடுத்துக்கொண்டனர். ஆப்பிரிக்காவில் நமீபியா நாட்டு ஆட்டுப் பண்ணைகளுக்கு 1994 முதல் காவல் நாய்கள் வழங்கப்பட்டு, சிவிங்கிப்புலியால் நேரும் நஷ்டம் பெரிதும் குறைந்தது. நம்மிடமும் கோம்பை, இராஜபாளையம் போன்ற சிறந்த நாட்டு நாய் இனங்கள் உள்ளன. ஆனால் ஓர் எச்சரிக்கை: இரவில் வெளியே தனியாகக் கட்டிய நாய் சிறுத்தைக்கு எளிய இரையாகிவிடும். காவல் நாய்க்கும் பட்டிக்குள்ளேயே இடம் தருக. வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் தவறாது போடுக.

நஞ்சு வைப்பதன் விளைவு

கொன்ற விலங்கு மீண்டும் வரும் என்று எண்ணி, இறந்த ஆட்டின் உடலில் பூச்சிமருந்தைத் தடவி வைப்போர் ஆங்காங்கே உண்டு. அந்த நஞ்சு சிறுத்தையைத் தேடிச் செல்வதில்லை. நரி, காகம், பருந்து, அண்டை வீட்டுக் காவல் நாய் என்று தின்ன வந்த அனைத்தையும் கொல்கிறது. சிறுத்தை முதல் அட்டவணையைச் சேர்ந்த விலங்கு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022-ஆம் ஆண்டுத் திருத்தப்படி அதைக் கொன்றவருக்கு 3 ஆண்டுக்குக் குறையாமல் 7 ஆண்டு வரை சிறையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. ஓர் ஆட்டின் நஷ்டத்திற்காக ஒரு குடும்பம் அதன் உழைப்பாளியை இழக்கலாமா?

பிணந்தின்னும் பாறுகளின் கதையையும் இங்கு நினைவுகூர்தல் தகும். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசி மருந்து, இறந்த மாட்டைத் தின்ற பாறுகளைக் கொன்றது. 2006-இல் கால்நடைகளுக்கு அம்மருந்து தடை செய்யப்படுவதற்குள் நாட்டின் பாறுகளில் மிகப் பெரும்பகுதி அழிந்தன. தின்ன ஆளில்லாத பிணங்கள் ஊர்ப்புறத்தில் கிடந்தன. அவற்றைத் தின்று நாய்கள் பெருகின. ஆட்டை அடிக்கும் நாய்க் கூட்டத்திற்கு இரையிட்டவர்கள் ஒரு வகையில் நாமே.

"பிடித்துத் தொலைவில் விட்டால் என்ன?" என்று கேட்பது இயல்பு. மகாராஷ்டிரத்தின் ஜுன்னர் வனக்கோட்டத்தில் 2001 முதல் 2003 வரை சிறுத்தைகளைப் பெருமளவில் பிடித்து வேறிடம் கொண்டுபோய் விட்டனர். அதற்கு முன் ஆண்டுக்குச் சராசரி 4 ஆக இருந்த மனிதர்மீதான தாக்குதல், அதன் பின் 17 ஆக உயர்ந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். பழகிய இடத்தை இழந்த விலங்கு அதிக ஆபத்தானது. கூண்டு வேண்டுமா என்பதை வனத்துறை தீர்மானிக்கட்டும். ஊர் தன் பட்டிக்குக் கூரை போடட்டும்.

காட்டுக்கு நாம் தரும் நோய்

சேதம் ஒரு பக்கத்தில் மட்டும் நேர்வதில்லை. 1968-ஆம் ஆண்டில் முதுமலை, பந்திப்பூர்க் காடுகளில் வெக்கை நோய் பரவி, காட்டுமாடுகள் பெருந்தொகையாக மடிந்தன. மேயும் கால்நடைகளும் காட்டுமாடுகளும் ஒரே நீரையும் புல்லையும் பகிரும் இடத்தில் நோய் இரு திசையிலும் செல்லும். தடுப்பூசியின் பயனாக வெக்கை நோய் 2011-இல் உலகத்திலிருந்தே ஒழிக்கப்பட்டது. கோமாரி நோய் இன்னும் ஒழியவில்லை. தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் 2019-இல் தொடங்கியது முதல், கோமாரிக்கு ஆறு திங்களுக்கு ஒருமுறை இலவசமாகத் தடுப்பூசி போடப்பட்டு வருகிறது. ஆடுகளுக்கு ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசியும் இன்றியமையாதது.

சரணாலயத்தின் உள்ளும் அதன் 5 கிலோமீட்டர் சுற்றளவிலும் வளர்க்கப்படும் கால்நடைகளுக்குத் தொற்றுநோய்த் தடுப்பூசி போட நடவடிக்கை எடுப்பது தலைமை வனவிலங்குக் காப்பாளரின் கடமை என்று வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 33-அ பிரிவு கூறுகிறது. ஆகவே அய்யலூர்ப் பகுதி ஊர்கள் முகாம் வேண்டும் என்று கேட்பது சலுகை அன்று. சட்டம் தந்த உரிமை.

ஊராட்சியின் பணி

அதே சட்டத்தின் 33-ஆ பிரிவு, ஒவ்வொரு சரணாலயத்திற்கும் ஓர் ஆலோசனைக் குழு அமைக்கப்பட வேண்டும் என்று விதிக்கிறது. அதில் ஊராட்சி அமைப்புகளின் பிரதிநிதிகள் மூவரும், கால்நடைத் துறையின் பிரதிநிதி ஒருவரும், தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரும் இடம்பெறுதல் வேண்டும். சரணாலயத்தைச் சுற்றி வாழும் மக்களின் பங்கேற்பு குறித்து ஆலோசனை கூறுவது அக்குழுவின் வேலை. மேய்ச்சலைப் பற்றிய குறையை வேலியோரத்தில் வனக்காவலரிடம் வாதிடுவதைவிட, இக்குழுவின்முன் எழுத்து மூலமாக வைப்பது மேலானது.

இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்கில் உள்ள கிப்பர் என்னும் ஊர் இவ்வகையில் ஒரு முன்மாதிரி. ஊரார் தம் மேய்ச்சல் நிலத்தின் ஒரு பகுதியைக் காட்டு ஆடுகளுக்கென ஒதுக்கினர். 2002-ஆம் ஆண்டு முதல் கால்நடைக் காப்பீட்டு நிதியொன்றைத் தாமே நடத்தி, இழந்தவருக்குத் தாமே ஈடு செய்தனர். பொய்க் கோரிக்கை அங்கு எளிதில் எழாது. ஏனெனில் கொடுப்பவரும் பெறுபவரும் ஒரே ஊரார்.

நம் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அடுத்த கூட்டத்தின் பொருள் நிரலில் பின்வரும் ஐந்தையும் சேர்த்துக்கொள்ளலாம்:

1. ஊரில் எத்தனை பட்டிகளுக்குக் கூரை இல்லை என்ற கணக்கெடுப்பு.

2. இறந்த கால்நடைகளைச் சுண்ணாம்பிட்டு ஆழப் புதைக்க ஒரு குழி. கோழிக் கழிவைத் திறந்த வெளியில் கொட்டுவோர்மீது நடவடிக்கை.

3. 2023-ஆம் ஆண்டு விதிகளின்படி தெருநாய்களுக்குக் கருத்தடையும் வெறிநாய்த் தடுப்பூசியும்.

4. நாள், இடம், அடையாளம், தகவல் தந்த நேரம் ஆகியவற்றைக் குறிக்கும் கால்நடைச் சேதப் பதிவேடு.

5. மேய்க்கால் புறம்போக்கை அளந்து எல்லைக்கல் நட்டுப் புல் வளர்த்தல்.

இவ்வைந்தில் எதற்கும் சிறுத்தையின் சம்மதமோ தேவாங்கின் சம்மதமோ வேண்டுவதில்லை. ஊரின் சம்மதம் ஒன்றே போதும். கூரையிட்ட பட்டியில் உறங்கும் ஆடு காலையில் எழுந்து மேய்ச்சலுக்குச் செல்லும். இரவில் வந்த விலங்கு வெறும் வாயோடு தன் குன்றுக்குத் திரும்பும்.