வீட்டுக்கு ஒரு ஏக்கர் ராகி

சித்தூர்ச் சீமையின் பழைய சாப்பாடு எது? ராகிக் களி. தெலுங்கில் சங்கடி என்பார்கள். ராகிக்குக் கேழ்வரகு என்றும் பெயர் உண்டு.

பலமனேர், புங்கனூர், குப்பம் பக்கத்து மானாவாரி நிலங்களில் முன்பு ராகி நிறைய விளைந்தது. கூடவே அவரையும் துவரையும் விளைந்தன. நிலத்தில் விளைந்தது குதிருக்கு வந்தது. குதிரில் இருந்தது சட்டிக்கு வந்தது. உப்பு, துணி போன்ற சிலவற்றையே கடையில் வாங்கினார்கள்.

பிறகு இரண்டு மாற்றங்கள் வந்தன.

ஒன்று, வேர்க்கடலை. கடலையை விற்றால் கையில் பணம் வரும். அதனால் ராகி விளைந்த நிலத்தில் கடலை போட்டார்கள்.

இரண்டு, அரிசி. 1983-ல் என்.டி.ராமராவ் ஆந்திர முதலமைச்சர் ஆனார். கிலோ 2 ரூபாய்க்கு அரிசி கொடுத்தார். ஏழை வீடுகளில் பசி குறைந்தது. அது பெரிய நன்மை. ஆனால் களி குறைந்தது. சோறுதான் கௌரவம் என்ற எண்ணமும் வளர்ந்தது.

இன்று பல வீடுகளில் விளைவதை விற்கிறோம். உண்பதை வாங்குகிறோம். மழை பொய்த்தால் என்ன ஆகும்? கடன் நிற்கும். குதிரும் காலியாக இருக்கும்.

மழை பெய்தாலும் விலை நம் கையில் இல்லை. மதனபள்ளி தக்காளிச் சந்தையைப் பாருங்கள். 2023 ஜூலையில் அங்கே தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. செப்டம்பருக்குள் விலை சரிந்து விழுந்தது. விற்கும் பயிரை மட்டும் நம்பினால் இந்த ஏற்ற இறக்கம் நம் சட்டியிலும் தெரியும்.

ராகியில் என்ன இருக்கிறது?

எலும்புக்கும் பல்லுக்கும் சுண்ணாம்புச் சத்து வேண்டும். 100 கிராம் ராகியில் அது 340 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. அதே அளவு அரிசியில் சுமார் 10 மில்லிகிராம்தான். ராகியில் நார்ச்சத்தும் அதிகம்.

ஆனால் களி மட்டும் போதாது. 2019-21-ல் அரசு ஒரு குடும்ப நலக் கணக்கெடுப்பு நடத்தியது. ஆந்திராவில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில், 100-க்கு சுமார் 59 பேருக்கு இரத்தசோகை இருந்தது. ஆகவே களியோடு பருப்பும் கீரையும் வேண்டும். முருங்கைக்கீரை, புளிச்சக்கீரை நல்லவை. எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்த்தால் இரும்புச்சத்து உடலில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட உடனே டீ குடித்தால் அது குறையும்.

கணக்குப் போடுவோம்

ஒரு வீட்டில் ஐந்து பேர். மூன்று ஏக்கர் மானாவாரி நிலம். தினமும் ஒரு வேளை களி. ஒரு நாளைக்கு ஒரு கிலோ ராகி என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 365 கிலோ வேண்டும்.

ஓரளவு நல்ல மழை பெய்தால், ஒரு ஏக்கரில் 4 முதல் 6 குவிண்டால் ராகி கிடைக்கும். ஒரு குவிண்டால் என்பது 100 கிலோ. ஆக, ஒரு ஏக்கர் போதும். மீதி இரண்டு ஏக்கரில் கடலை போடலாம். பள்ளிக்கூடச் செலவுக்கும் மருந்துக்கும் பணம் வேண்டும் அல்லவா?

அந்த வீட்டு மாமியாரும் மருமகளும் இப்படிப் பேசக்கூடும்.

மருமகள்: அத்தை, ஒரு ஏக்கரில் ராகி போட்டால் கடலைப் பணம் குறையுமே?

மாமியார்: குறையும். ஆனால் கடையில் ராகியும் பருப்பும் வாங்குகிற பணம் மிச்சம்தானே? எழுதிக் கூட்டிப் பாரும்மா. உனக்குத்தான் இப்போது கணக்குத் தெரியுமே.

மருமகள்: பிள்ளைகள் களி வேண்டாம் என்கிறார்கள்.

மாமியார்: முதலில் கூழ் காய்ச்சிக் கொடு. முருங்கைக்கீரை போட்டு அடை தட்டு. நாக்குப் பழகினால் களி தானாக இறங்கும்.

பள்ளிக்கூடமும் இதைச் செய்தது. 2023 மார்ச்சில் ஆந்திர அரசுப் பள்ளிகளில் வாரம் மூன்று நாள் ராகிக் கஞ்சி கொடுக்கத் தொடங்கினார்கள்.

என்ன செய்யலாம்?

1. எட்டு வரிசை ராகிக்கு இரண்டு வரிசை துவரை போடுங்கள். ராகி மூன்று, நான்கு மாதத்தில் வரும். துவரை பிறகு வரும். துவரையின் வேர் மண்ணுக்கு உரம் சேர்க்கும். ஒன்று போனாலும் மற்றது கைகொடுக்கும்.

2. நல்ல கதிர்களைத் தனியே அறுத்துக் காயவைத்து விதைக்கு எடுத்து வையுங்கள். புது ரகமும் கேட்டுப் பாருங்கள். திருப்பதிக்கு அருகில் பெருமாள்ளபள்ளியில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ‘வகுளா’ என்ற ராகி ரகம் அங்கே உருவானதுதான்.

3. ராகியை நன்றாகக் காயவைத்துச் சேமியுங்கள். எளிதில் பூச்சி பிடிக்காது. பல ஆண்டு இருக்கும். நல்ல ஆண்டின் மிச்சம் பஞ்ச ஆண்டில் சோறு போடும்.

4. குளிக்கிற தண்ணீரை வாழைக்கும் முருங்கைக்கும் திருப்புங்கள். வேலி ஓரம் அவரைக் கொடி ஏற்றுங்கள்.

நிலம் இல்லாதவர்கள் என்ன செய்வது? வாசலில் ஒரு முருங்கை போதும். பழைய சட்டியிலும் கீரை முளைக்கும். கூலியாகத் தானியம் வாங்கும் வழக்கம் இருந்தால், ராகியாகக் கேட்கலாம்.

ரேஷன் அரிசியை விட வேண்டாம். அது நம் உரிமை. எல்லாவற்றையும் நாமே விளைவிக்கவும் முடியாது. ஒரு வேளைச் சாப்பாடாவது நம் மண்ணிலிருந்து வந்தால், அந்த ஒரு வேளைக்குச் சந்தை விலையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

பேசுவோம், எழுதுவோம்

1. உங்கள் வீட்டில் நேற்றுச் சாப்பிட்டவற்றை எழுதுங்கள். எவை உங்கள் ஊரில் விளைந்தவை?

2. உங்கள் வீட்டுக்கு ஓர் ஆண்டுக்கு எத்தனை கிலோ ராகி வேண்டும்? உங்கள் ஊர்க் கடை விலையில் அது எவ்வளவு ரூபாய்?

3. உங்கள் ஊரில் முன்பு விளைந்து இப்போது விளையாத தானியங்கள் எவை? பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.