போர்ஷன் முடிந்தால் பாடம் முடிந்ததா?

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து பட்டம் படிக்கக் கிளம்பும் பிள்ளைகளில் பலர் திருப்பத்தூருக்கோ திருவண்ணாமலைக்கோ மலையிறங்குகிறார்கள். முதல் செமஸ்டரில் அரியர் விழுந்தால், ஆசிரியர் அறையில் ஒரு தீர்ப்பு ஆயத்தமாகக் காத்திருக்கும்.

நம்பிக்கை: "அடிப்படை வீக். பாடத்திட்டத்தில் குறையில்லை."

பள்ளியில் விட்டுப்போனது இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் பாடத்திட்டத்தையும் வினாத்தாளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாடத்திட்டத்தின் முதல் பக்கம், "மாணவர் பகுப்பாய்வு செய்வர், மதிப்பிடுவர்" என்று வாக்குக் கொடுக்கும். வினாத்தாளோ "பயன்களை விவரி" என்று கேட்கும். 1956இல் பெஞ்சமின் புளூம் குழு கற்றல் நோக்கங்களுக்கு வகுத்த படிநிலையிலிருந்து வினைச்சொற்களை எடுத்து, கல்லூரித் தரமதிப்பீட்டுக்கான நாக் (NAAC) கோப்பில் ஒட்டிவிட்டால் பாடம் வடிவமைத்தாகிவிட்டது என்றே பல துறைகள் நினைக்கின்றன. மாணவர் என்ன செய்யக் கற்க வேண்டும், வகுப்பில் என்ன செய்கிறார், தேர்வில் எதைச் செய்யச் சொல்கிறோம் ஆகிய மூன்றும் ஒரே திசையில் போக வேண்டும் என்று கல்வியியலாளர் ஜான் பிக்ஸ் 1996இல் எழுதினார். நம்மிடம் மூன்றும் மூன்று ஊருக்குப் போகின்றன.

நம்பிக்கை: "போர்ஷனை முடித்துவிட்டேன். தேர்வு அளந்து பார்க்க மட்டும்தான்."

உளவியலாளர்கள் ரோடிகர், கார்பிக்கி இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாகவே எழுதினார்கள். ஒரு வாரம் கழித்தோ, நடுவே புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முந்தினார்கள். நினைவிலிருந்து எடுத்து எழுதுவதே படிப்புதான். வகுப்பின் கடைசிப் பத்து நிமிடத்தில் மதிப்பெண் போடாத இரண்டு கேள்விகள் கேட்டால் ஓர் அலகு பின்தங்கக்கூடும், பரவாயில்லை.

நம்பிக்கை: "சிலர் பார்த்துக் கற்பவர்கள், சிலர் கேட்டுக் கற்பவர்கள்."

பயிற்சிப் பட்டறைகளின் செல்லப்பிள்ளை இது. உளவியலாளர் ஹரோல்ட் பாஷ்லர் குழு 2008இல் சான்றுகளைத் துழாவியது. அப்படிப் பிரித்துக் கற்பித்தால் பலன் கூடும் என்பதற்குப் போதுமான ஆதாரம் அகப்படவில்லை.

நம்பிக்கை: "சரியான விடை ஒன்றுதான், மற்றதற்குப் பூஜ்யம்."

இதற்கு மறுமொழி ஜவ்வாது மலையிலேயே இருக்கிறது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்துக் கடந்தது. காவலூர் வான் ஆய்வகத்தில் ஜே.சி. பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் 102 செ.மீ. தொலைநோக்கியால் அந்த விண்மீனின் ஒளியை அளந்துகொண்டிருந்தார்கள். கோள் மறைக்கும் நேரத்துக்கு வெளியே ஒளி சட்டெனக் குறைந்து மீண்டது. புதிய துணைக்கோளாக இருக்கலாம் என்று எழுதினார்கள். மற்ற இடங்களின் பதிவுகளோடு சேர்த்துப் பார்த்தபோது அது யுரேனஸின் வளையம் என்று தெளிந்தது. நம் விடைக்குறிப்பின்படி அந்தத் தாளுக்குப் பூஜ்யம்தான். ஆனால் அளவீடு பிழையில்லை. கையில் இருந்த சான்றுக்கு அந்த ஊகமும் நியாயமானதே. இயற்பியல் மாணவர்களிடம் அதேபோன்ற ஓர் ஒளிவரைபடத்தைக் கொடுத்து, "இது எதுவாக இருக்கலாம்? உறுதிப்படுத்த இன்னும் என்ன வேண்டும்?" என்று கேட்கலாம். அளவீட்டைப் படித்ததற்கு, காரணம் சொன்னதற்கு, ஐயத்தை ஒப்புக்கொண்டதற்கு எனத் தனித்தனி மதிப்பெண். அந்த அளவுகோலை முன்கூட்டியே கையில் கொடுத்துவிட வேண்டும்.

நம்பிக்கை: "வினாத்தாள் பல்கலைக்கழகத்தின் கையில். நாங்கள் என்ன செய்ய?"

தமிழ்நாட்டில் 1978 முதலே தன்னாட்சிக் கல்லூரிகள் சொந்தமாக வினாத்தாள் எடுக்கின்றன. அங்குள்ள ஆசிரியர்களுக்கு இந்தச் சாக்கு பொருந்தாது. இணைவு பெற்ற கல்லூரிகளிலும் இன்டர்னல் மதிப்பெண் ஆசிரியரிடம்தான் இருக்கிறது. அதில் ஒரு பங்கு வருகைப்பதிவுக்கும், இன்னொன்று இணையத்திலிருந்து இறக்கிய அசைன்மென்ட்டுக்கும் போகிறது. சாமை விளையும் ஊரிலிருந்து தாவரவியல் படிக்க வந்த மாணவியிடம் சிறுதானியத்தின் ஐந்து பயன்களைக் கேட்பானேன்? இரண்டு கொல்லைகளில் விதைப்பு, களை, விளைச்சல் எப்படி வேறுபடுகின்றன, ஏன் என்று இரண்டு பக்கம் எழுதி வரச் சொல்லலாம். வரைவைத் திருத்திக் கொடுத்து மறுபடி எழுதச் சொல்லலாம். இதற்குப் பல்கலைக்கழகச் சிண்டிகேட் தீர்மானம் எதுவும் வேண்டாம்.