கடன் சுமையும் பிறக்கப்போகும் பிள்ளையும்

கூலி வருமானம், கழுத்துவரை கடன், மனைவியோ பிள்ளைத்தாய்ச்சி. இந்நிலையில் பல இல்லங்களில் முதலில் குறைக்கப்படுவது எது? அவளுடைய பாலும் முட்டையுமே!

சகோதரரே, இது முறையன்று. மனைவிக்கு உணவளிப்பது கணவன்மீது கடமை. கடன்பட்டு நொடித்தவனின் பொருளைப் பங்கிடும்போதுகூட, அவன் குடும்பத்தின் அவசியச் செலவை ஒதுக்கிவிட வேண்டுமென்றே ஃபிக்ஹு நூல்கள் கூறுகின்றன.

அப்படியானால் கடனை என்ன செய்வது?

முதலாவது: மறைக்காதீர்கள். யாருக்கு எவ்வளவு, எப்போது தவணை என்று எழுதிவையுங்கள். அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் கடனை எழுதப் பணிக்கிறது. தவணைக்கு முன்பே கடன் கொடுத்தவரிடம் சென்று நிலைமையைச் சொல்லுங்கள். நெருக்கடியில் இருப்பவனுக்கு அவகாசம் கொடுக்கும்படி 280ஆம் வசனம் அவருக்குக் கட்டளையிடுகிறது. விட்டுக்கொடுப்பது இன்னும் சிறந்தது என்கிறது. ஆனால், கையில் வைத்துக்கொண்டே இழுத்தடிப்பது அநியாயம்.

இரண்டாவது: ஏழாம் மாத விருந்து, தொட்டில் விருந்து என்று வட்டிக்கு வாங்காதீர்கள். அகீகாவும் வசதியுள்ளவருக்கே ஸுன்னத்.

மூன்றாவது: உரிமையைக் கேட்கக் கூசாதீர்கள். ஸகாத் பெறும் எட்டு வகையினரில் கடன்பட்டோரும் உள்ளனர் (9:60). ஜமாஅத்தில் பொறுப்பிலுள்ளவரிடம் தனியே சொல்லுங்கள். அரசு மருத்துவமனைகளில், சிசேரியன் உட்படப் பிரசவத்தை இலவசமாக்கும் மத்திய அரசுத் திட்டம் 2011இல் தொடங்கியது. கருவுற்றது தெரிந்தவுடனே ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்துகொள்ளுங்கள்.

நபி (ஸல்) அவர்கள் தொழுகையில் கடனைவிட்டும் பாதுகாவல் தேடுவார்கள். நாமும் தேடுவோம். அல்லாஹ் நம் கடன்களைத் தீர்த்து, ஸாலிஹான பிள்ளைகளைத் தந்தருள்வானாக! ஆமீன்.